கரமனையை விட்டு நகராத புள்ளி

ஸ்ரீவராகத்துப் புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று, சாமான்களை அடுக்கியாயிற்று. பத்மப்ரியா வீடு மாறிய விஷயம் அவளுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியவில்லை. வரைபடத்தைத் திறந்தால், அவள் இன்னமும் கரமனை ஆற்றங்கரை வீட்டில்தான் இருக்கிறாள் என்று ஒரு நீலப் புள்ளி சாதித்தது.

அந்தப் புள்ளியைக் கண்டாலே அவள் திரையை மூடிவிடுவாள். அவள் போன் எங்கெங்கே போகிறது என்று புருஷன் அனந்த் இதே திரையில்தான் வேவு பார்ப்பான். கோயிலுக்குப் போனாலும் அடி, கடைக்குப் போனாலும் அடி. அடிக்கும் முன் ஸ்டீல் வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைப்பான்.

டக்.

வாட்சுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே! அவள் தாடை எலும்பு உடைந்தால் பாதகமில்லை.

ஒருநாள் அரிவாள்மணையோடு கொல்லைப்புறம் துரத்தி வந்தவன் படித்துறையில் வழுக்கினான். கல்லில் மண்டை பிளந்து ஆற்றோடு போனான். அன்று வாட்சைக் கழற்றக்கூட அவனுக்குப் பொறுமையில்லை. உடல் கிடைத்தபோது கையில் அது இல்லை. பத்மப்ரியா அழவில்லை, நிம்மதியாகத் தூங்கினாள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. காரியங்கள் முடிந்து லாரியில் சாமான் ஏற்றிய அன்று, அவளும் வாயைத் திறக்காமல் படியிறங்கினாள்.

புது வேலையில் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும். கொடுத்த விலாசமும் கம்ப்யூட்டர் காட்டும் இடமும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இந்த வேலையும் போனால் அவளுக்கு வேறு கதியில்லை. அதனால் தம்பி சுமந்தை வரச் சொன்னாள். அவன் வந்தபோது பிற்பகல் மழை பிடித்திருந்தது, வீடெல்லாம் இருட்டு.

"பத்மாக்கா, இது நெட் வர்ற இந்த ரௌட்டரோட வேலையாக்கும். கரமனைல இருந்ததைத்தானே கொண்டுவந்திருக்கே? அதோட நம்பர்ல பழைய விலாசம் ஒட்டிண்டிருக்கு. நாம கையால மாத்திக் கொடுத்தா மதி, அது போதும்."

"வேற ஒண்ணும் ஆகாதோல்லியோ?"

"எந்தாக்கும் ஆகப்போறது?" சிரித்துக்கொண்டே அவன் ஸ்ரீவராகத்து விலாசத்தை அடித்தான்.

புள்ளி தாவி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரமனைப் பாலத்தில் ஏறியது. கிள்ளிப்பாலத்தைத் தாண்டியது. ஒரு ஆள் நடக்கிற வேகத்தைவிடச் சற்றே அதிகமான வேகம்.

"நெட் ஸ்லோவா இருக்கு," என்றான் சுமந்த்.

அட்டக்குளங்கரையில் புள்ளி ஓடத் தொடங்கியது.

"டேய், மாத்துடா. பழையபடி கரமனைன்னே போட்டுடு!"

"எதுக்குக்கா? இப்போ சரியாயிடும்..."

புள்ளி அவர்கள் தெருவுக்குள் திரும்பியது.

கரண்ட் போயிற்று.

ஆற்றுச் சேற்றின் நாற்றம் முதலில் வந்தது, பிறகு சாராய நெடி. வாசல் கதவு தாழிட்டபடியே இருந்தது. கூடத்தில் ஈரக்கால்கள் சொத சொதவென்று நடந்து வந்தன.

அவள் பக்கத்தில் வந்து நின்றன. காதருகே அனந்தின் குரல்.

"ஏண்டி, சொல்லிக்காம வந்துட்டியா?"

டக்.

பத்மப்ரியா பழக்கதோஷத்தில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அடி அவள்மேல் விழவில்லை. சுமந்தின் தலைமயிரை ஏதோ பற்றி இழுத்தது. மேஜை விளிம்பில் அவன் முகம் மோதியது. மறுபடி மோதியது. பல் தெறித்துத் தரையில் உருண்டது. "அக்கா" என்று ஆரம்பித்தவன் வாயில் ரத்தம் கொப்பளித்தது.

அவளுக்கு வந்தது பயமல்ல. இத்தனை வருஷம் அடக்கி வைத்த ஆத்திரம்.

சமையலறைக்கு ஓடி இரும்பு உலக்கையைத் தூக்கி வந்தாள். கருப்பாக நின்ற அந்த இடத்தில் ஓங்கி அடித்தாள். அடி காற்றில் போயிற்று. அவள் கழுத்தைக் குளிர்ந்த விரல்கள் வளைத்தன. மூச்சு முட்ட முட்ட, அடுத்த அடியை ரௌட்டர்மேல் இறக்கினாள். அது சில்லுச் சில்லாகும்வரை நிறுத்தவில்லை.

விரல்கள் விலகின. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரி வார்டில், சுமந்தின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். எந்த எலும்பு என்று டாக்டர் சொல்லுமுன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடியிலிருந்து விழுந்தான் என்று அவள் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அவள் தன் தாடைக்காக முன்பு சொன்ன பொய்யும் அதேதான்.

ரௌட்டர் ஒழிந்தது, சனி விட்டது என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் ஒளிர்ந்தது. ஆபீஸிலிருந்து தகவல்.

'உங்கள் இருப்பிடம் சரிபார்க்கப்பட்டது.'

கீழே ஒரு வரைபடம். நீலப் புள்ளி இந்த ஆஸ்பத்திரியின் மேலேயே நின்றது.

சுமந்தின் கண்கள் அகல விரிந்தன. கட்டிய வாயால் ஏதோ சொல்லத் துடித்தான். அவன் பார்வை அவளைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

மருந்து வைக்கும் இரும்பு மேஜைமேல், டக்.