மடியில் கட்டிய இரும்பு

சேத்தூர் வீட்டுக்குக் குடிவந்த அன்று மழை பெய்ததா என்பதில்கூடக் காளீஸ்வரிக்கு இப்போது உறுதியில்லை. நடந்தது எது, அழுது அழுது தானே சேர்த்துக்கொண்டது எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். வீட்டுக்குப் பின்னால் சுடுகாட்டுப் பாதை.

"புள்ளத்தாச்சி மடியில இரும்பு இல்லாம இருக்கக் கூடாது ஏட்டி. காத்துக் கருப்பு அண்டிரும்," என்றாள் நாத்தனார் நாகஜோதி.

கணவன் வல்லரசு ராஜபாளையத்தில் பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தான். "எம் பொண்டாட்டிக்கு இரும்புக்கா பஞ்சம்?" என்று சிரித்தான். மூடிப்போன ஆலையின் இயந்திரம் ஒன்றை உடைத்தபோது, ஈயப் பெட்டிக்குள் விரல் பருமனில் ஒரு துண்டு கிடைத்திருந்தது. அதன் பளபளப்பு பிடித்துப்போய்ச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். அதைத் துணியில் முடிந்து அவள் இடுப்பில் கட்டினான்.

பேய் எதுவும் அண்டவில்லை.

இடுப்புத் தோல் சிவந்து கொப்பளித்தது. வாந்தி நிற்கவில்லை. தலைமுடி கொத்தாகக் கையோடு வந்தது.

"கருப்பு அடிச்சிருக்கு. இன்னும் இறுக்கிக் கட்டு," என்றாள் நாகஜோதி.

இறுக்கிக் கட்டினாள்.

வயிற்றுக்குள் அசைவு நின்றது.

பிள்ளையைப் புதைத்த பிறகுதான், ஆஸ்பத்திரியில் சொல்லி, முகமூடி போட்ட அரசாங்க ஆட்கள் வந்து துண்டை எடுத்துப்போனார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத கதிர் இருந்ததாம். ஆலையை மூடும்போதே முதலாளி அதை ஒப்படைத்திருக்க வேண்டுமாம். "தெரியாம நடந்துபோச்சும்மா," என்றார்கள்.

யாருக்குத் தெரியாமல்? பெட்டியில் வைத்துப் பூட்டியவனுக்குத் தெரியாதா?

பிறகு ஒரு மதியம், வீட்டில் கதிர் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி பரிபூரணம் மீட்டரோடு வந்தாள். கதிர் இருந்தால் அது டிக் டிக்கென்று அடிக்கும். மூலை முடுக்கெல்லாம் காட்டினாள். சத்தமே இல்லை.

"வீடு சுத்தமா இருக்கு. இனி பயமில்ல," என்று மீட்டரைத் தரையில் வைத்தாள்.

டிக்.

இருவரும் அசையவில்லை.

டிக். டிக். ஓசை வேகமெடுத்தது, தயங்கியது, மறுபடி வேகமெடுத்தது. ஏதோ ஒன்று தரையோடு தரையாகக் கிட்டே வந்துகொண்டிருந்தது. தவழப் பழகும் பிள்ளையைப் போல.

"யாரு அது?" பரிபூரணம் கால்களை இழுத்துக்கொண்டாள்.

"எம் புள்ள. நல்லாக் கேளுங்க. சுத்தமா இருக்குன்னு மட்டும் எழுதிராதீக."

பரிபூரணம் சுத்தமாக இருக்கிறது என்றுதான் எழுதினாள். மாற்றல் வாங்கிச் சென்னைக்குப் போய்விட்டாள். வல்லரசு ரத்தம் வற்றி மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தான். நாகஜோதி காளீஸ்வரியின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலாளி நலமாக இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் புது ஆலை திறந்திருக்கிறார்.

காளீஸ்வரி அங்கேதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இடுப்பில் பிள்ளை இருப்பவள்போல ஒரு பக்கம் சாய்ந்தே நடக்கிறாள். முதலாளி கடந்துபோகும்போதெல்லாம் நின்று, அவர் பக்கமாகத் திரும்பி, அதற்கு அவரைக் காட்டுகிறாள்.

அந்தப் பக்கத் தோளில் மட்டும் அவள் சேலை எப்போதும் எச்சில் ஒழுகி நனைந்திருக்கிறது.