நீர்வாசலின் பாடினி

பொழுது சாய்ந்து மேற்கு வானத்துச் செம்மை இன்னும் முழுதும் ஆறாதிருந்த வேளையில், கிழக்கே பனந்தோப்புகளுக்கு மேலாகப் பௌர்ணமி கழிந்த மறுநாளைய நிலவு எழுந்து, தென்பெண்ணையின் அகன்ற நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியைக் கொட்டத் தொடங்கிற்று. வடகரையில், அலைகள் மதிலடியைக் கழுவிச் செல்லும்படி கம்பீரமாக நின்றது நெடுங்குன்றக் கோட்டை. தென்கரையில், நாணற்புதர்களுக்கு நடுவே ஒரு பாழடைந்த கல்மண்டபம் இருந்தது. இத்தனை அழகான மாலையில் அந்த மண்டபத்தில் காதலர் இருவர் அமர்ந்திருக்க வேண்டாமா என்று வாசகர்கள் கேட்பீர்கள். காதலி என்னவோ அமர்ந்துதான் இருந்தாள். காதலனைத்தான் இன்னும் காணோம்.

அவள் பெயர் பூவணத்தாள். நேற்று முற்பகல் வரையில் நெடுங்குன்றத்து மழவராயரின் அவைப் பாடினியாக இருந்தவள். அப்பதவிக்கு நிலமும் பல்லக்கும் உண்டு. அவற்றினும் பெரிதாக, ஆற்றை நோக்கிய நீர்வாசலின் திறவுகோலும் உண்டு. நிலவெழும் வேளையில் கழுத்தளவு நீரில் நின்று குரலைப் பழக்குவது பாடினியின் நித்திய சாதகம். அந்த நேரத்தில் மதில்மேல் நிற்கும் காவலர்கள் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பெண் நீராடும் துறையை நோக்குவது குற்றம். இப்போதைய மழவராயரின் பாட்டனார் செய்துவைத்த ஏற்பாடு அது. மேற்கே செங்காட்டு மன்னன் படை திரட்டுகிறான் என்ற செய்தி வந்த பிறகும் அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. இசையென்றால் அந்த வம்சத்தாருக்கு அப்படியொரு பித்து.

அயல்நாட்டுப் பாடகி எவளேனும் வந்து அறைகூவினால் அவைப் பாடினி அவளோடு பாடித் தீர வேண்டும். தோற்றவள் திறவுகோலைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அதன்பின் கோட்டைக்குக் கேட்கும் தொலைவில் வாய்திறந்து பாடினால் நாவை இழப்பாள். நேற்று சோலைநாச்சி என்பவள் எங்கிருந்தோ வந்து அறைகூவினாள். பூவணத்தாள் கலங்கவில்லை. அவளுக்கு யாழ் வாசிக்க வெண்காடன் அருகில் இருந்தான். வரும் தை மாதம் அவளை மணக்கவிருந்தவன் வேறு. ஆனால் கடைசிப் பாட்டின் உச்சத்தில், இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் நடவாதது நடந்தது. குரல் பிசிறி, உடைந்து, நின்றது. அவையோர் தலைகுனிந்தார்கள். சோலைநாச்சியின் இடுப்பில் திறவுகோல் ஏறியது.

"தென்கரை மண்டபத்தில் காத்திரு, பூவணம். நாளை மாலை வந்து உன்னை அழைத்துப் போகிறேன்" என்று வெண்காடன் சொல்லியிருந்தான். எல்லாம் போயினும் அவன் இருக்கிறான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பேதை பகல் முழுவதையும் கழித்தாள்.

துக்கம் தாளாமல், தனக்கு மட்டும் கேட்கும்படி, தோற்ற அந்தப் பாட்டையே மெல்ல முணுமுணுத்தாள். உச்சம் வந்தது. உடையுமென்று அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டாள். உடையவில்லை. மறுபடி பாடிப் பார்த்தாள். எண்ணெயில் இழுத்தாற்போல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

தொண்டையில் பழுதில்லை என்றால் நேற்று என்ன நேர்ந்தது? பாட்டுக்குப் பாட்டு நடுவே வெண்காடன் யாழின் நரம்புகளைச் சீர்செய்தது நினைவுக்கு வந்தது. யாழ்க்காரர் எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொரு முறையும் சுருதியை ஓர் இழை, ஓர் இழையாக அவன் முறுக்கி ஏற்றியிருந்தால், உச்சம் அவள் குரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்குமே? தன் யாழ்க்காரர் தரும் சுருதியைச் சோதித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பது என்பது பாடினிகளின் மரபு. அதிலும் மணக்கப்போகிறவரை யார் சோதிப்பார்கள்? தொண்டை இறுகியபோது அச்சத்தினால் என்றே அவள் நினைத்தாள். "பயப்படாதே, பாடு" என்று அவனும் புன்னகைத்தானே.

நாணல் சலசலத்தது. வெண்காடன் வந்தான். அவன் பின்னால், ஓசையின்றிப் பரிசல்களைத் தூக்கிக்கொண்டு ஆயுதந்தரித்த வீரர்கள் வந்தார்கள்.

"சுருதியை ஏற்றினீர்களா?" என்று பூவணத்தாள் கேட்டாள். வேறெதையும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

வெண்காடன், "கண்டுபிடித்துவிட்டாயா? உன் செவி அப்படிப்பட்டது" என்றான்.

"தாங்கள் யார்?"

"செங்காட்டு மன்னரின் படைத்தலைவன். யாழ் மட்டும் பொய்யில்லை. அது சிறுவயது முதல் கற்றது. எனக்கு வேண்டியிருந்தது நீர்வாசல். நீ அதைத் திறந்துவிடுவாயோ என்று ஓராண்டு பழகிப் பார்த்தேன். மழவராயர்மேல் உனக்குள்ள விசுவாசம் பெரிது. ஆகவே திறக்கக்கூடியவள் ஒருத்தியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று."

"சோலைநாச்சி தங்களுக்கு என்ன உறவு?"

"என் மனைவி."

பூவணத்தாள் மண்டபத்துத் தூணைப் பற்றிக்கொண்டாள். தை மாதத்துக்கென்று அவள் எடுத்துவைத்த பட்டுப்புடைவையைப் பார்த்து இவன், நிறம் நன்றாயிருக்கிறது என்று சொன்னானே என்பதுதான் அவளுக்கு அப்போது நினைவில் எழுந்தது. அடப்பாவி என்று நமக்கே வாயில் வருகிறது. அவளுக்கு அதுகூட வரவில்லை.

அக்கரையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. புதிய பாடினி சாதகத்தைத் தொடங்கிவிட்டாள். நீர்வாசலின் கதவு விரியத் திறந்திருந்தது. மதில்மேல் காவலர்கள் வழக்கம்போல் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

"நீ வீணாகச் சாகக்கூடாது. பேசாமல் இங்கேயே இரு, எங்கள் அவையில் உனக்குப் பெரிய இடம் வாங்கித் தருகிறேன்" என்றான் வெண்காடன். "கூவினால் அக்கரைக்கு எட்டாது. பாடினால் உன் பழகிய குரல் எட்டும்; ஆனால் நாக்குப் போய்விடும். அதோடு, என்மேல் உனக்குள்ள அன்பையும் நான் அறிவேன்."

கடைசியில் சொன்னது உண்மைதான், வாசகர்களே. அதை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் ஒருவேளை தயங்கியே இருப்பாள்.

பரிசல்கள் நடு ஆற்றை அடைந்தன. பூவணத்தாள் நீரில் இறங்கினாள். இடுப்பளவு நீரில் நின்று மூச்சை இழுத்து, நேற்று உடைந்த அதே உச்சத்தை எடுத்த எடுப்பிலேயே பிடித்தாள். அந்தக் குரல் ஆற்றின்மேல் ஓடி மதிலில் மோதியது. நெடுங்குன்றத்தில் அது யார் குரலென்று அறியாதவர் இல்லை. பாடக்கூடாதவள் பாடுகிறாள் என்ற திகைப்பில் காவலர்கள் அத்தனை பேரும் ஒருசேரத் திரும்பினார்கள். திறந்த வாசலையும், நிலவொளியில் மிதந்த பரிசல்களையும் கண்டார்கள்.

முரசு அதிர்ந்தது. அம்புகள் பாய்ந்தன. பரிசல்கள் கவிழ்ந்தன. சோலைநாச்சி கழுத்தளவு நீரில் நின்றபடி, "என்னை விட்டுப் போகாதீர்கள்" என்று அலறினாள். எஞ்சிய ஒரே பரிசலில் இருந்த வெண்காடன் அவளைத் திரும்பியும் பாராமல் துடுப்பை வலித்து, நீரோட்டத்தோடு கிழக்கே விரைந்து நாணல் இருளில் மறைந்தான்.

மறுநாள் அவையில், தண்டனைக்கு நாவை நீட்டச் சித்தமாகப் பூவணத்தாள் நின்றாள். மழவராயர் அரியணையிலிருந்து இறங்கி வந்து, பிடிபட்ட சோலைநாச்சியிடமிருந்து மீட்ட திறவுகோலை அவளிடம் நீட்டினார்.

"அந்தச் சட்டம் நேற்றோடு ஒழிந்தது, அம்மா. உன் இடத்தில் அமர்ந்துகொள்."

"அரசே, மன்னிக்க வேண்டும். சோலைநாச்சியைக் கொல்லாமல் காவலில் வைத்திருங்கள், அவளும் ஏமாந்தவள். நான் இனி ஊர் ஊராக, அவை அவையாகப் பாடப் போகிறேன். தப்பி ஓடியவர் பெயரை மாற்றிக்கொள்ளலாம், நாட்டை மாற்றிக்கொள்ளலாம். யாழைத் தொடாமல் அவரால் இருக்க முடியாது. எந்தத் திரைக்குப் பின்னால் வாசித்தாலும் அந்த விரல்களை நான் அறிவேன். அவரைத் தங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும்வரை இந்தத் திறவுகோலைத் தொடமாட்டேன். இது என் குலத்தின்மேல் ஆணை."

"கண்டுபிடித்தால் என்ன செய்வாய்?"

பூவணத்தாளின் கண்கள் நிறைந்தன. குரல் மட்டும் சிறிதும் பிசிறவில்லை.

"வாசிக்கச் சொல்வேன், அரசே. நானும் பாடுவேன். ஆனால் சுருதியை அன்று நான் சேர்ப்பேன்."