பிரம்மநாயகத்தின் தளர்நாள்கள்

தொண்ணூற்றாறாம் தளத்துக்கும் தொண்ணூற்றேழாம் தளத்துக்கும் நடுவே மின்தூக்கி நின்றபோது காலை ஒன்பது மணி. பிரம்மநாயகம் பதறவில்லை. தூத்துக்குடிக் கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்த நூற்றுநாற்பது மாடி அலைமின் கோபுரத்தில் எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது தடங்காணி என்ற எந்திரம். அதை வடிவமைத்தவரே அவர்தான். சொந்த வீட்டுக் கதவு வீட்டுக்காரரையே அடைத்துவைக்குமா என்ன?

"எப்போது இறக்குவாய்?" என்று கேட்டார்.

"பதினொரு நாள் கழித்து" என்றது தடங்காணி, வெகு மரியாதையாக. "நண்பகலில் நூற்றுப்பதினேழாம் தளத்துக்குக் கான்கிரீட் ஏற்ற வேண்டும். மின்தூக்கியின் மின்சாரம் பம்புக்குப் போயிருக்கிறது. உங்களை இறக்கும் வேலைக்குத் தளர்நாள் பதினொன்று இருக்கிறது."

ஒரு கட்டடத்தில் ஆயிரம் வேலை உண்டு. அவற்றில் சில ஒரு நாள் பிந்தினால் மொத்தக் கட்டடமும் ஒரு நாள் பிந்தும். அந்த வேலைகளின் வரிசைக்குப் பிரம்மநாயகம் உயிர்த்தடம் என்று பெயர் வைத்திருந்தார். மற்றவை தாமதிக்கலாம், எத்தனை நாள் தாமதிக்கலாமோ அதுதான் தளர்நாள். ஒரு வேலைக்குப் பின்னால் வேறெதுவும் காத்திருக்கவில்லை என்றால் அதற்குத் தளர்நாள் ஏராளம். பிரம்மநாயகத்துக்குப் பின்னால் எதுவும் காத்திருக்கவில்லை. ஆள் இல்லையென்று வேலை நிற்கவே கூடாது என்று இருபது வருடம் பாடுபட்டு அப்படி ஆக்கியவரும் அவரேதான்.

கூரைத் துளை வழியாகப் பறப்பி என்ற குட்டிப் பறக்கும் எந்திரம் ஒன்று வந்து நான்கு இட்லியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் பதினொரு நாள் என்றது விளையாட்டில்லை என்று அவருக்கு உறைத்தது. மகள் கோமதி அன்று மாலை நாலு மணிக் கப்பலில் தென்துருவ ஆய்வு நிலையத்துக்குப் போகிறாள். திரும்பி வர மூன்று வருடம். துறைமுகத்துக்கு வருவதாக அவளிடம் சொல்லியிருந்தார். அவளுடைய பள்ளி ஆண்டுவிழா, பட்டமளிப்பு என்று எதற்கும் அவர் போனதில்லை. "பொறவு பாத்துக்கிடலாம்மா" என்பார். இதற்காவது போக வேண்டும் என்று மனமார ஆசைப்பட்டார்.

அலுவலகத்தில் இருந்த உதவித் திட்டமிடுநர் ஜெசிந்தாவைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"சார், கதவ ஒடைக்கச் சொல்லட்டுமா?"

"எவன் ஒடைப்பான்? அதுக்கும் தடங்காணிதான் ஆள் அனுப்பணும். நான் சொல்லுதத எழுது. நூத்திப்பதினேழுல கான்கிரீட் போடுததுக்கு முன்னால பிரம்மநாயகம் நேர்ல பாத்துச் சரி சொல்லணும்."

"உங்கள உயிர்த்தடத்துல கட்டச் சொல்லுதியளா?"

"ஆமா. அப்பம் எனக்கும் தளர்நாள் பூச்சியம்லா. ஓடி வந்து தொறக்கும் பாரு."

"சார், நூத்திப்பதினேழு மாதிரித் தளம்லா, ஒரு தரம் கட்டிட்டா..."

"கட்டு ஜெசிந்தா! மணி பதினொண்ணாவுது."

எட்டே நிமிடம். மின்தூக்கி உறுமிக்கொண்டு கிளம்பியது; ஆனால் கீழே இறங்காமல் மேலே ஏறியது. நூற்றுப்பதினேழாம் தளத்தில் கம்பிக் கட்டைச் சுற்றிப் பார்த்து, "சரி" என்றார். கான்கிரீட் ஏறி முடிந்து அவர் கீழே வந்துசேர இரண்டரை மணி ஆகிவிட்டது. வாசலில் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை.

"உயிர்த்தடத்தில் இருக்கும் எதையும் வெளியே விடுவதில்லை" என்றது தடங்காணி. "கிரேன், பம்பு, நீங்கள். சாலையில் ஏதாவது ஆகிவிட்டால்?"

"என் வேலதான் முடிஞ்சிட்டே!"

"இன்னும் இருபத்துமூன்று தளம் இருக்கிறது."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மேல் தளங்கள் எல்லாம் ஒரே அச்சு. மாதிரித் தளமான நூற்றுப்பதினேழில் எழுதியது மிச்சமுள்ள அத்தனை தளத்துக்கும் தானாகவே படியாகும். ஆட்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று அவர் செய்த ஏற்பாடு அது. தளத்துக்கு ஒன்பது நாள் என்றால் இருநூற்றேழு நாள். ஜெசிந்தா சொல்ல வந்தது இதைத்தான். உயிர்த்தடத்தில் போட்ட முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. ஒப்பந்தக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி அவிழ்த்துக்கொள்கிறார்கள் என்று அந்த வழியை அடைத்தவரும் வேறு யாருமில்லை.

ஜெசிந்தா சொல்லித் தெரிந்துகொண்ட கோமதி, துறைமுகம் போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தோளில் பெரிய பை.

"அஞ்சு நிமிசம் தொற. எம்மவள வழியனுப்பணும்" என்று எந்திரத்திடம் கெஞ்சினார்.

"மகளை வழியனுப்புதல். பதிந்துகொண்டேன். இதற்குப் பின்னால் எந்த வேலையும் காத்திருக்கவில்லை. எனவே கோபுரம் முடிந்த மறுநாள் வைத்திருக்கிறேன்."

பிரம்மநாயகம் அழுதார். வேலையாட்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"அழாதியப்பா" என்றாள் கோமதி. கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு நேரமாவுது. பொறவு பாத்துக்கிடலாம்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தப் பேச்சுத்தான் பழக்கம். வண்டி கிளம்பிப் போனது. அவள் திரும்பி வரும்போது கோபுரம் முடிந்திருக்கும். குறித்த தேதியில், ஒரு நாள்கூடப் பிந்தாமல்.