வேடியப்பன் சொல்லாத பதில்

பூ இன்னும் விழவில்லை.

நடுகல்லின் நெற்றியில் ஈரத்தோடு ஒட்டியிருந்தது அந்தச் செவ்வரளி. வலப்பக்கம் விழுந்தால் கல்யாணத்துக்குச் சரி. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பூவிழி கண் இமைக்காமல் நின்றாள். பூ மெல்ல அசைந்தது...

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பூவை எடுத்துவிட்டது.

"என்னங்க பண்றீங்க? மியூசியத்துல வந்து எண்ணெய், மஞ்சள்... ஐயோ, கல்லு முழுக்கப் பூசிட்டீங்களா?"

திரும்பினாள். கழுத்தில் அடையாள அட்டை. அதில் 'அருள்குமார், வழிகாட்டி' என்று இருந்தது. கோபத்தில் சிவந்திருந்தாலும் கெட்ட கண்கள் இல்லை அவை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஏங்க அந்தப் பூவ எடுத்தீங்க?"

"எடுக்காம? இது சாமி இல்லீங்க. காட்சிப் பொருள்."

"எங்க ஊருல இருந்தவரைக்கும் சாமிதாங்க. நீங்கதான் லாரியில ஏத்தி வந்து பொருளாக்கிட்டீங்க." அவள் பார்வை கீழே போனது. "வெறும் பொருள்னா, செருப்ப எதுக்கு அங்க கழட்டிட்டு வந்தீங்களாம்?"

அருள்குமார் தன் வெறுங்காலைப் பார்த்தான்.

ஏரியூருக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். அங்கே வேடியப்பன் என்ற சாமியாக நின்ற கல் இது. ஆறு வருடம் முன்பு சாலையை அகலப்படுத்தியபோது இந்த அருங்காட்சியக முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெண்ணுக்குச் சம்பந்தம் முடிக்கும் முன் இந்தக் கல்லில் பூ வைத்துக் கேட்பது அவர்கள் வீட்டு வழக்கம். மாப்பிள்ளை பாப்பாரப்பட்டி. ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா வெங்கடாசலத்துக்கு முழுச் சம்மதம். அவளுக்கு... அவளிடம் யாரும் கேட்கவில்லை. "வேடியப்பன் கிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்பா" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். அப்பா அதற்குக் கட்டுப்பட்டார். எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் போன் செய்வார்கள். அதற்குள் பதில் வேண்டும்.

பதில் சொல்ல வேண்டிய பூ இப்போது இவன் கையில்.

"அருள்! என்ன இது?"

அருங்காட்சியகப் பொறுப்பாளர் ராஜாமணி மேடம் வேகமாக வந்தார். "பதினொன்றரைக்கு நிகழ்ச்சி. நூறு ஸ்கூல் பிள்ளைங்க, ஊர் ஜனங்க. இந்தக் கல்லுலதான் எழுத்தைப் படி எடுத்துக் காட்டப் போறோம்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. எண்ணெய்க் கல்லுல ஈரத்தாள் ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க மேடம்."

"அப்ப நீயே மேடை ஏறிச் சொல்லு. அடுத்த வருசத்துக்கும் உன்னை வேலையில வெச்சுக்கச் சொல்லி எழுதிக் கேக்கலாமா வேணாமான்னு நானும் யோசிக்கிறேன்."

அவர் போய்விட்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அருள்குமார் கல்லின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நம்மால் ஒருத்தன் வேலை போகப் போகிறதே... போகட்டும், பூவை எடுத்தவன்தானே... என்று நினைத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

"ஏங்க... அரப்பு கிடைக்குமா?"

"தலைக்குத் தேய்க்கிறதா?"

"ஆமா. வருசா வருசம் பண்டிகைக்கு முந்தின நாள் அரப்பு கரைச்சுத்தான் சாமி மேல இருக்கிற எண்ணெய எடுப்போம். ஒரு பொட்டு நிக்காது."

"விதிப்படி கல்லு மேல எதையும்..." என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எழுந்து ஓடினான். செருப்பைக்கூட மாட்டவில்லை.

பத்து நிமிடத்தில் இரண்டு பொட்டலத்தோடு மூச்சு வாங்க வந்தான். பூவிழி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கரைத்தாள். இருவரும் கல்லுக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து தேய்த்தார்கள். பச்சை நுரை வில் பிடித்த வீரனின் தோளில் வழிந்தது.

"அழுத்தாதீங்க. பொறுமையா. உங்க வூட்டுல பாத்திரம் கழுவுனதே இல்லீங்களா?"

"கழுவியிருக்கேன். ஆயிரம் வருசத்துப் பாத்திரம் இதுதான் முதல் தடவ."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்... அவன் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்... சட்டென்று இருவரும் குனிந்து தேய்த்தார்கள்.

"என்ன கேக்க வந்தீங்க சாமிகிட்ட?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் சொன்னாள். முழுதும் சொன்னாள். அவன் கை நின்றுவிட்டது.

"தெரியாமப் போச்சுங்க... கழுவினதும் மறுபடியும் வைங்க. யாரையும் இந்தப் பக்கம் வர விடமாட்டேன்."

"ஒரு தடவதாங்க கேக்கணும். ரெண்டாந்தரம் கேட்டா நம்பிக்கை இல்லாம கேக்கறதா ஆயிடும்."

"அப்ப ஒரு மணிக்கு என்ன சொல்வீங்க?"

அவள் தண்ணீரை மொண்டு கல்லில் ஊற்றினாள்.

பதினொன்றரைக்குக் கூட்டம் முற்றத்தில் நிறைந்தது. அருள்குமார் நனைத்த தாளைக் கல்லில் விரித்தான். ஒரு கணம்... தாள் வழுக்கவில்லை. ஒட்டியது! தூரிகையால் தட்டத் தட்ட, தாள் எழுத்துகளின் பள்ளத்துக்குள் இறங்கியது. பிறகு மைப் பந்தை ஒற்றினான். கறுப்பு பரவ, நடுவே வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிள்ளைகள் "ஓ..." என்று கத்தினார்கள். ராஜாமணி மேடத்தின் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. ஓரத்தில் நின்ற பூவிழி நேரம் பார்த்தாள். மணி பன்னிரண்டே முக்கால்.

அவன் விரல் வைத்துப் படித்தான்.

"இவர் பேரு விண்ணன். ஊர் மாடுகளைக் கவர்ந்துட்டுப் போனவங்களைத் துரத்திப் போய், மாட்டை மீட்டுக் குடுத்துட்டுச் செத்துப் போயிருக்கார். அதுக்காக ஊர் நட்ட கல்லு இது."

விண்ணன்... பூவிழி அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து கும்பிட்ட கல்லுக்கு ஒரு பெயர் இருக்கிறது! மனுசன். அவள் வயதுதான் இருந்திருக்கும். ஊர் மாட்டுக்காக உயிரை விட்டவர்... அவரையே இன்னும் எத்தனை பெண்களுக்காகப் பதில் சொல்ல வைப்பது? எனக்கு வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லப் பயந்துதானே பூவைத் தூக்கிக்கொண்டு வந்தேன்?

வாசலில் அப்பா நின்றிருந்தார். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன கண்ணு, சாமி என்ன சொல்லுச்சு?"

"சாமி ஒண்ணும் சொல்லலப்பா."

"பின்ன?"

போன் விடாமல் அடித்தது.

"நான் சொல்றேன். எனக்கு இந்த மாப்பிள்ள வேணாம்பா."

வெங்கடாசலம் மகளை உற்றுப் பார்த்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அவளும் நனைந்தபடி பின்னால் போனாள். ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முற்றத்து ஓரத்தில் மை பூசிய கைகளோடு அவன் மழையில் நின்றுகொண்டிருந்தான்.

பன்னிரண்டு நாள் அப்பா அவளிடம் பேசவில்லை. "வாக்குக் குடுத்து மாறினவன்னு ஊரு பேசுது" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பூவிழி சமைத்தாள், ஆட்டுக்குத் தழை ஒடித்தாள். சாலையில் பைக் சத்தம் கேட்டால் மட்டும் காது நிமிர்ந்தது... சீ, என்ன இது!

பதின்மூன்றாம் நாள் ஒரு பைக் வாசலிலேயே வந்து நின்றது.

"வணக்கங்க. மியூசியத்துல இருந்து வரேன். அடுத்த மாசம் உங்க ஊர்க்காரங்களே வந்து வேடியப்பன் கதையச் சொல்ற மாதிரி ஒரு நிகழ்ச்சிங்க. அதுக்கு அழைக்க வந்தேன்."

வெங்கடாசலம் நோட்டீஸை வாங்கி மடித்தார். "சரி. குடுத்தாச்சுல்ல, கிளம்புங்க. மழை வருது."

அருள்குமார் பைக்கை உதைத்தான். வண்டி உறுமியது. கதவோரம் நின்று பூவிழி எட்டிப் பார்த்தாள். போய்விடுவான்... அவ்வளவுதான்...

வண்டியை நிறுத்தினான். இறங்கி, நேராக அவள் அப்பாவின் முன் வந்து நின்றான்.

"பொய் சொல்ல முடியலைங்க. நோட்டீஸ் தபால்லயே போட்டிருக்கலாம். உங்க பொண்ணப் பாக்கத்தான் வந்தேன். அன்னைக்குப் பூவ எடுத்துட்டுக் கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கணும். அதோட... எனக்கு அவங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

அவர் முகம் கறுத்தது. "யாரு வூட்டுப் புள்ள நீ?"

"மொரப்பூர்ங்க. அப்பா இல்ல. அம்மா அங்கன்வாடியில வேல."

"உன் வேல நிரந்தரமா?"

"இல்லீங்க. வருசா வருசம் எழுதித் தருவாங்க. அடுத்த வருசத்துக்கும் தந்துட்டாங்க."

"இத வெச்சுக்கிட்டு பொண்ணு கேக்க வந்திருக்க! ஓசூர் மாப்பிள்ளைய வேணாம்னு சொன்னவ, உன்ன மட்டும் வேணும்னு சொல்லுவாளா?"

"அது அவங்க சொல்லணுங்க. நான் கேட்டுட்டுப் போக வந்தேன். வேணாம்னு சொன்னா, நிகழ்ச்சிக்கு மட்டும் வாங்க."

தூறல் விழுந்தது. அவன் நகரவில்லை. வெங்கடாசலம் கதவோரம் நின்ற மகள் பக்கம் திரும்பினார். பிறகு பன்னிரண்டு நாளாக மகளிடம் திறக்காத வாயைத் திறந்தார்.

"நீ என்ன சொல்ற?"

முதன்முறையாக அவளிடம் கேட்கிறார்... கண் நிறைந்துவிட்டது. கதவை விட்டு வெளியே வந்தாள். மழையில் இறங்கினாள். நனைந்த இமைகளுக்கு நடுவே பயந்து நிற்கும் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்குப்பா" என்றாள் அவனைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்கே பிடிச்சிருச்சு."