தள்ளி நின்ற ஏரி

தண்டவாளம் சரியாக இருந்தது. ஜி.எஸ்.டி. ரோடும் சரி. ஏரி மட்டும் தள்ளி நின்றது.

தபீதாள் மவுஸை இடமும் வலமுமாக இழுத்துப் பார்த்தாள். போன வருஷத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் இந்த வருஷத்துப் படத்தைப் போட்டு, ஜன்னல் திரையை விலக்குகிற மாதிரி மேல்படத்தை விலக்கினால் இரண்டும் ஒட்டிப் பொருந்த வேண்டும். பெருங்களத்தூர் மேம்பாலம் பொருந்தியது, சர்ச் கூரை பொருந்தியது, ஏரி மட்டும் கரையோடும் பனைமரங்களோடும் கொஞ்சம் கிழக்கே வந்திருந்தது. மழைத்தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, இரண்டுமே மே மாத வெயிலில் எடுத்த படங்கள்.

ஊர் உலகத்தில் எத்தனை இடம் இருந்தும், அவள் குடியிருக்கும் பேட்டையையே அவள் தலையில் கட்டியிருந்தார் மேனேஜர் சாம்பசிவன். பொருத்திய படத்தைச் சாயந்திரத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்று மெசேஜ் மேல் மெசேஜ் வேறு. மழை விட்டிருந்தாலும் விளக்குப் போடாமல் முடியாத இருட்டு. கணவன் ஜாய்சன் மறைமலை நகரில் ஷிப்டில் இருந்தான். வீட்டில் அவளும் ஏழு வயது ஆஷாவும்தான்.

"அம்மா, பசிக்குது."

"தெருமுனைக் கடையில கிளியம்மாள் ஆன்ட்டிகிட்ட பன்னு வாங்கிட்டு வா கண்ணு. வேடிக்கை பாத்துட்டு நிக்காத, என்ன?"

செருப்புச் சத்தம் வாசல் படியிறங்கிப் போனது. தபீதாள் மறுபடி ஆரம்பித்தாள். இரண்டு படத்துக்கும் ஒரே அளவுமுறைதானா? ஒன்றுதான். பிக்சல் அளவு? ஒன்றுதான். பின்னே என்ன கேடு இதுக்கு? எல்லாவற்றையும் அழித்துவிட்டு மென்பொருளை முதலிலிருந்து ஓட்டினாள். ஃபேன் காற்றில் பாசி நாற்றம் அடித்தது. பாத்ரூமில் எங்கோ அடைத்திருக்கும் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

ஏரி இன்னும் கிழக்கே வந்திருந்தது.

திரும்ப ஓட்டினாள். இன்னும் கொஞ்சம். இந்தத் தடவை கரை அவள் தெருவுக்குப் பின்னாலேயே நின்றது. சீ, படத்தைப் பார்த்துப் பயப்படுவார்களா யாராவது என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஷ்யாம்சுந்தருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இதுக்கா இவ்ளோ பேஜாரு? கன்ட்ரோல் பாயின்ட் பத்தல, அவ்ளோதான். உங்க வூட்டு மாடியவே ஒண்ணு வெச்சிடுங்க. நம்ம வூட்டு மாடி எங்கக்கா போவப் போவுது?"

அது அவர்கள் ஆபீஸ் வழக்கம். படம் அடம் பிடித்தால், இரண்டிலும் நகராத ஓர் இடத்தைக் காட்டி, இதுவும் அதுவும் ஒன்று என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். தெரிந்த ஊரென்றால் முதல் புள்ளி சொந்த வீட்டு மாடி. அதில் யாருக்கும் கண் தப்பாது.

பழைய படத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டியின் மூலையைக் குறித்தாள். புதிய படத்தில் தெருவைக் காணவில்லை. பக்கத்து வீடு இல்லை, எதிர்வீடு இல்லை. எல்லாம் தண்ணீர். அதன் நடுவே ஒற்றைக் கூரை. அதன் மேல் நீலத் தொட்டி.

துண்டு துண்டாக எடுத்த படங்களைத் தப்பாக ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள். போன் மறுபடி அதிர்ந்தது, சாம்பசிவன்தான். எரிச்சலில் அந்த நீலத் தொட்டியின் மேல் க்ளிக் செய்தாள். இதுவும் அதுவும் ஒன்று.

இரண்டு படத்துக்கும் இடையே பிழை பூஜ்யம் என்று வந்தது.

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவளுக்குப் பூஜ்யம் வந்ததில்லை. மேல்படத்தை விலக்கினாள். அச்சு அசலாகப் பொருந்தியது. இப்போது பழைய படத்திலும் தெரு இல்லை. பழைய படத்திலும் தண்ணீர்.

எதிர்வீட்டு டி.வி. நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தாள். மிக்ஸி இல்லை. ஹாரன் இல்லை. மின்சார ரயில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மெல்ல, விட்டுவிட்டு, மோதியது.

ஆஷா.

"இயேசப்பா, என் புள்ள!"

வாசற்கதவுக்கு அடியில் ஈரம் கசிந்தது. அதைத் திறக்கவில்லை. மாடிக்கு ஓடினாள். படி. இன்னொரு படி. தாழ்ப்பாள். திறந்தாள்.

நாலு பக்கமும் ஏரி. கறுப்பாக, அலையில்லாமல். தொலைவில் கரை. கரைமேல் கிளியம்மாள் கடையின் மஞ்சள் பல்பு. அதன் கீழே ஆஷா.

"அங்கயே நில்லுடி! வராத!"

குரல் தண்ணீரைத் தாண்டவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று வீசினாள்.

ஆஷா பார்த்துவிட்டாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவளும் கையசைத்தாள். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தண்ணீரில் இறங்கினாள்.