ஆஃப் என்றது போன்... ஓடியது மோட்டார்!

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பெட்டியைத் திறந்து வேலை பார்த்தவன்... அசையாமல் கிடந்தான்!

மத்தியான வெயில். திருச்சுழிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த மோட்டார் ரூம் அது. வாசலில் ஸ்கூட்டியை அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே பாய்ந்தாள் தேவிபிரியா.

"கிறிஸ்டோ...!"

கருகிய விரல்களுக்கு நடுவே ஒயர்.

"தொடாத தாயி! கரண்டு இருக்கு!"

அலறிக்கொண்டே வந்த தோட்டத்துக்காரி வெள்ளைத்தாய், ஒரு கம்பால் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டாள். மோட்டார் முனகி நின்றது.

"நான் போன்ல ஆஃப் பண்ணிட்டுத்தானே அந்தத் தம்பிய உள்ள விட்டேன்... இங்க பாரு தாயி!"

போனை நீட்டினாள். திரையில் 'ஊற்று' செயலி. சிவப்பு எழுத்தில்...

'மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது.'

தேவிபிரியாவுக்குப் புரிந்துவிட்டது.

இது விபத்து இல்லை!

வீட்டில் இருந்தபடியே தோட்டத்து மோட்டாரைப் போட, நிறுத்த... அதற்குத்தான் 'ஊற்று' செயலியும், மோட்டாரில் மாட்டும் பெட்டியும். அருப்புக்கோட்டைக் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு. கிறிஸ்டோவும் அவளும் அங்கே புரோகிராம் எழுதுகிறவர்கள்.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. ஆபீஸ் சர்வரில் இருந்து ஒருவர் ஒரு கட்டளையை அனுப்பினால் போதும். விவசாயி நிறுத்திய மோட்டாரும் ஓடும். அவர் போனில் மட்டும் 'ஆஃப்' என்றே காட்டும்!

போன மாதம் யாரோ சோதனைக்கு அனுப்பிய கட்டளை, நரிக்குடியில் செல்வக்குமார் என்ற விவசாயியைக் கொன்றது. ஊர் அதைச் சாதாரண ஷாக் என்று நம்பியது.

கிறிஸ்டோ நம்பவில்லை.

"மதுரையில, கோவில்பட்டியில எத்தன பேரு இதே மாதிரி பெட்டிக்குப் புரோகிராம் எழுதுறாக! ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாதுன்னு கம்பெனிக கையெழுத்து வாங்கிட்டா, ஓட்டைய யாரு அடைக்கிறது பிரியா? நான் எல்லாத்தையும் நெட்ல எழுதப் போறேன்" என்று நேற்றுதான் சொன்னான்.

இன்று பிணமாகக் கிடக்கிறான்.

---

"இவதான் மேடம்! இவளப் பிடிங்க!"

ஸ்டேஷனில் எகிறிக்கொண்டிருந்தார் கம்பெனி முதலாளி பாலமணிகண்டன். எதிரே இன்ஸ்பெக்டர் துர்காதேவி.

"எதை வச்சு சொல்றீங்க சார்?"

"அந்தக் கட்டளைய அனுப்புறது எப்படின்னு தெரிஞ்சதே இவுக ரெண்டு பேருக்குந்தான். நேத்து ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் சண்டை!"

"சண்டை எங்களுக்குள்ள இல்ல மேடம்! வெளிய சொல்லணும்னு நாங்க சார்கிட்டதான் சண்டை போட்டோம்!" தேவிபிரியா குறுக்கிட்டாள். "திருச்சுழியில ஒரு பெட்டியச் சரி பண்ணிக் காட்டு, அப்புறம் எழுதிக்கோன்னு அவனை அங்க அனுப்பினதே இவுகதான்!"

"பொய்!"

துர்காதேவி பெருமூச்சு விட்டாள்.

"சரி சார், கொலைய நான் பாத்துக்கிறேன். உங்க கம்பெனியப் பாருங்க. இந்தப் புள்ள மத்தியானம் சர்வருக்குள்ள போயி, அம்புட்டையும் அள்ளி நெட்ல போட்டுருச்சாம்!"

திடுக்கிட்டாள் தேவிபிரியா.

"மேடம், நான் எதுவும்..."

"நீ பேசாத!"

பாலமணிகண்டன் சிரித்தார்... வாய் விட்டுச் சிரித்தார்!

"யாரோ உங்கள ஏமாத்திட்டாக மேடம். சான்ஸே இல்ல!"

"ஏன்?"

"இவுக எழுதிருவாகன்னு தெரிஞ்சு, ஆபீஸ் திறந்ததுமே ரெண்டு பேரு பாஸ்வேர்டையும் முடக்கிட்டேன்ல! மெட்ராஸ்ல இருந்து பெரிய கம்பெனிக்காரன் எங்களை வாங்க வாரான். விட்டுருவேனா?"

"அப்ப இன்னைக்கு சர்வருக்குள்ள போக..."

"என்னைத் தவிர எவனாலயும் முடியாது!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.



துர்காதேவி மெல்ல எழுந்தாள்.

"அப்படின்னா... மத்தியானம் அந்தக் கட்டளைய அனுப்புனது யாரு சார்?"

"அது... வந்து..."

"கிறிஸ்டோ கடைசியா உங்களுக்குத்தான் போன் பண்ணியிருக்கான். என்ன சொன்னான்?"

பாலமணிகண்டன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"ஒயர்ல கை வைக்கப் போறேன் சார்... ஆபீஸ்ல யாரும் எதையும் தொட்டுறாம பாத்துக்கோங்கன்னு..."

தேவிபிரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாரிடம் உயிரை நம்பிக் கொடுத்திருக்கிறான்!

"சொன்னா கேக்கல மேடம்... வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் என் பெட்டிய வாங்க மாட்டான்..."

"ஏட்டய்யா! இவரை உள்ள கூட்டிப் போங்க!"

---

வெளியே வேப்பமரத்தடியில் கிறிஸ்டோவின் அம்மா ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். அழுது வற்றிய கண்கள்.

"எம்புள்ள அப்படி என்னத்தம்மா எழுதப் பாத்தான்?"

"இன்னொருத்தர் சாகாம இருக்க வழி, அத்தை."

ஞானப்பூ அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப நீ எழுது."

ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்தாள் தேவிபிரியா. போனில் தட்டத் தொடங்கினாள். ஓட்டை எங்கே, அடைப்பது எப்படி, அதுவரை பெட்டியில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை இறக்குங்கள் என்று எல்லாவற்றையும் எழுதினாள். மேலே கிறிஸ்டோவின் பெயரைப் போட்டாள்.

அனுப்பும் நேரத்தில் விரல் தயங்கியது.

பின்னால் துர்காதேவி நின்றிருந்தாள்.

"என்னம்மா யோசனை?"

"வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் மேடம். சார் கேஸ் போட்டா..."

"தாராளமாப் போடட்டும்! ஆனா முதல்ல அவரு வெளிய வரணும்ல... எங்க லாக்கப்புல பாஸ்வேர்டெல்லாம் கிடையாதும்மா. வெறும் பூட்டுதான்!"