மேலிருந்து எடுத்த படம்

லிஃப்ட்டில் அவன் ஒருவன்தான் ஏறினான். ஆனாலும் எடை கூடிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு மூட மறுத்தது. கேமரா பையை வெளியே இறக்கி வைத்துப் பார்த்தான். விளக்கு அணையவில்லை.

நாலு மாடியும் நடந்தே ஏறினான். சாயங்காலம் ஐந்து மணிதான். ஏதோ வீட்டில் டிவி சிரித்தது, எங்கோ குழாயடியில் பாத்திரம் உருண்டது, அத்தனைக்கும் அடியில், அவன் காதுக்கு வெகு பக்கத்தில், பொடிக்கற்கள் சரியும் ஓசை வந்துகொண்டே இருந்தது. வெயிலில் காய்ந்த பாறையின் வாடை அவன் சட்டையிலிருந்துதான் வந்தது.

பயணப் பத்திரிகைக்குப் படம் எடுப்பது அவன் தொழில். உலகெங்கும் மக்கள் கும்பிடும் பாறைகளைத் தேடி இரண்டு வருஷமாக அலைந்தான். எல்லா இடத்திலும் செருப்பைக் கழற்றினான், சொன்ன இடத்தில் நின்றான். கடைசிப் பாறையில்தான் புத்தி கெட்டது.

"மேல ஏறிடாதீங்க தம்பி, அது எங்க அம்மா" என்றாள் அங்கே காவலிருந்தவள். தலையாட்டினான். அவனுக்குத்தான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது அவன் பாறையின் உச்சியில், ஷூவோடு. அவள் திட்டவில்லை. செம்பைப் பிடித்தபடியே நின்று அழுதாள். அதையும் அவன் படம் எடுத்தான்.

இன்று மதியம் ஆபீஸில் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டினான். சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அப்போதுதான் இடுப்பில் முதல் கனம் விழுந்தது.

கதவைத் திறந்த மனைவி மறுபடி பரீட்சைத் தாள்களுக்கு முன் போய் உட்கார்ந்தாள்.

"பத்திரிகையில வந்த அந்தக் கடைசிப் பாறைப் படத்தை எங்க ஸ்கூல்ல காட்டினேங்க. என் வீட்டுக்காரர் பாறை மேல கால் வைக்கலே, பக்கத்துக் குன்றுலேருந்து எடுத்தாருன்னு பெருமையா சொன்னேன்."

அவன் அவளிடம் சொல்லியிருந்த பொய் அது. முகம் கூசியது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

இடுப்பில் ஒரு பாதம் ஊன்றியது. வெறும் பாதம். சில்லென்று. விரல்கள் சதையைக் கவ்வின. பிடிமானம் தேடின.

முதுகில் இன்னொன்று.

முழங்கால் மடங்கியது.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

தோள்பட்டை. கழுத்தோரம் மூச்சு. ஏறிக் களைத்த மூச்சு.

"ஏறினேன்" என்றான். "அந்தம்மா வேண்டாம்னு சொல்லியும் ஏறினேன். உன்கிட்ட பொய் சொன்னேன். வெட்கமா இருக்கு."

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனா தாளின் மேலேயே நின்றது. அவள் பார்வை அவன் இடுப்பில் இருந்தது. அங்கிருந்து மெல்ல நெஞ்சுக்கு ஏறியது. தோளுக்கு. காதருகே சற்றுத் தயங்கியது. பிறகு அவன் முகத்தைக் கடந்து, உச்சந்தலையையும் தாண்டி, சீலிங்கை ஒட்டி, எதையோ நேருக்கு நேர் பார்த்தபடி அசையாமல் நின்றுவிட்டது.